வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம்

ஆரணியில் பூங்காவனத்தைப் போல ஊர் சுற்றியவள் கிடையாது. ஆனால் அவள் வேலூரைத் தாண்டியதே இல்லை. இது என்ன கூத்து என்கிறீர்களா, சொல்கிறேன்.

அவள் புருஷன் மாணிக்கவேல் அரிசி லாரி டிரைவர். மில்லில் மூட்டை ஏற்றினால் மங்களூர், கொச்சி என்று போய்ப் பத்து நாள் கழித்து வருவார். குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் கதைதான். பூங்காவனம் ராட்டையில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே கேட்பாள். மங்களூரில் சூரியன் கடலுக்குள்ளேயே போய் இறங்குமாம். தண்ணீர் முழுக்க அரக்குப் பட்டு விரித்த மாதிரி ஆகிவிடுமாம். கேட்கக் கேட்க ராட்டை தானாக நின்றுவிடும். "லாரிய விட்டதும் உன்ன இட்டுகினு போறேன்" என்பார். முப்பது வருஷமும் இதையே சொன்னார்.

சொன்ன மனுஷர் லாரியை விட்டதும் வண்டியும் வாங்கினார், அதை மறைக்கக்கூடாது. பெங்களூரில் யாரோ ஊர் சுற்ற வீடு மாதிரி அமைத்திருந்த பழைய டீசல் வேன். உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, மடக்கு மேஜை, ஜன்னலுக்குத் திரை. வீட்டை ஒட்டிய காலிமனையில் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றைக்கே பூங்காவனம் ஒரு துணிப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள். என்ன பை என்று அவர் கேட்கவில்லை.

அதோடு சரி. இரண்டு வருஷம் வண்டி நகரவில்லை.

பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. மேலே நீலத் தார்ப்பாய், தினம் ஒரு துடைப்பு. வெள்ளிக்கிழமை காலையில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, என்ஜினைப் போட்டு, நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் உறுமவிட்டு அணைப்பார். ஒரு வெள்ளி தவறியதில்லை. மீட்டரில் இருந்த 1,84,216 மட்டும் அப்படியே இருந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பூங்காவனம் அந்தக் கட்டிலில் போய்ப் படுப்பாள். தார்ப்பாய் வழியே வரும் வெளிச்சத்தில் வேன் முழுக்க நீலமாக மிதக்கும். தெருவில் தறிகள் அடிக்கும் தடக் தடக் அவளுக்கு என்ஜின் சத்தமாகிவிடும். கண்ணை மூடினால் வண்டி கிளம்பும். பாலங்கள் போகும், பெயர் தெரியாத ஊர்களில் விளக்கு ஏற்றுவார்கள், கடைசியில் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். சூரியன் இறங்கப்போகிற நேரம் பார்த்து யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள், பாழாய்ப்போனவர்கள்.

"எப்பங்க போறோம்?" என்று கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும். "ஃபேன் பெல்ட்ட மாத்திக்கலாம்." மாற்றினார். "ஹோஸ் பழசா கீது." அதையும் மாற்றினார். அப்புறம் மழை, அப்புறம் வெயில். அவளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. இனிமேல் கடல் இல்லையோ என்ற பயம் வந்துவிட்டது.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என்ஜின் வெள்ளைப் புகையைக் கக்கி, இரண்டு தரம் இருமி, நின்றே போனது. போளூர் ரோட்டிலிருந்து மெக்கானிக் வேடியப்பன் வந்தான். ஆயில் கம்பியை உருவி மோந்து பார்த்தான். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பாட்டிலில் பிடித்தான். கீழே தண்ணீர், மேலே டீசல்.

"இன்னா பண்ணிகினு இருந்தண்ணா?"

மாணிக்கவேல் பெருமையாகத்தான் சொன்னார், வெள்ளிக்கிழமைக் கதையை.

"அதான் பேஜார். பத்து நிமிஷத்துல இது முழுசா சூடே ஆவாது. எரியாத டீசல் ஆயில்ல எறங்குது. அர டேங்க்ல வேர்வ புடிச்சி தண்ணி நிக்குது. இன்ஜெக்டர்ல கரி. ஓடி கெட்ட வண்டி நூறு பாத்துட்டேன். நின்னே கெட்டது இது."

"லாரிக்காரருக்கு இது தெரியாதாப்பா?" என்றாள் பூங்காவனம்.

மாணிக்கவேல் தரையைப் பார்த்தார். தெரியும் என்று அந்த முகமே சொன்னது.

இரண்டு நாளில் வேடியப்பன் டேங்கைக் கழுவி, ஃபில்டரும் ஆயிலும் மாற்றி, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து உயிர் கொடுத்தான். "டேங்க் ரொப்பிகினு இன்னிக்கே மலைல ஏத்துண்ணா. மேட்டுல நல்லா இழுத்தா தான் உள்ள இருக்கிற கரி போவும்" என்றான். அவர் சாவியை எடுக்குமுன்னே பூங்காவனம் முன்சீட்டில் இருந்தாள்.

போளூர் தாண்டி ஜவ்வாது மலை. முதல் வளைவுகளில் பின்னால் கறுப்புப் புகை கொட்டியது. போகப் போகப் புகை மெலிந்தது, என்ஜின் குரல் இளகியது. மூங்கில் நிழல்கள் அவள் மடியில் விழுந்து விழுந்து போயின. தூங்குகிறோமா என்று தொடையைக் கிள்ளிப் பார்த்தாள்.

ஜமுனாமரத்தூரில் வண்டியை ஓரம் கட்டினார். என்ஜினை அணைக்கவில்லை.

"பூங்கா, நான் மங்களூர் கடல பாத்ததே இல்ல. அரிசி குடோன் ஊருக்கு வெளிய. லோடு எறக்கி, லாரி அடியில தூங்கி, திரும்பிடுவேன். கடல் அந்தாண்ட கீதுன்னு கிளீனர் சொன்னான். அங்க போனா நீ ஒண்ணொண்ணா கேப்ப. பயந்துகினு தான்..."

அவளுக்குக் கோபம் பொங்கியது. முப்பது வருஷம்! ராட்டை நின்ற அத்தனை சாயங்காலமும் பொய்யா? மீட்டரைப் பார்த்தாள். எண் மாறியிருந்தது.

"இப்டியே அந்தப் பக்கம் எறங்கினா எங்க போவும்?"

"ஆலங்காயம், வாணியம்பாடி. அப்புறம் பெங்களூர் ரோடு."

"அப்புறம்?"

"மங்களூர்."

"எறக்குங்க. ரெண்டு பேரும் பாக்காத கடல் தான, சேந்து பாக்கலாம்."

"மாத்துத் துணி கூட இல்லியே."

"கட்டிலுக்கு அடியில பை கீது. உங்களுக்கும் ரெண்டு சட்ட வச்சிருக்கேன். ரெண்டு வருஷம் ஆச்சி, மடிப்பு தான் கொஞ்சம் மஞ்சளாயிருக்கும்" என்றாள் பூங்காவனம்.