மல்லாந்து கிடந்த டாரன்டுலா

மலையாளச் சீமையில், கரமனையில் இருக்கும் வீட்டில் நாங்கள் சுவர்க்கோழி வளர்க்கிறோம். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். நாகர்கோவிலில் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று துரத்திய பூச்சிக்கு இங்கே பிளாஸ்டிக் வாளியில் கேரட் நறுக்கிப் போடுகிறேன். மகள் விஜி வளர்க்கும் டாரன்டுலாவுக்கு அது இரை. உள்ளங்கை அகலத்தில், ரோமம் அடர்ந்த சிலந்தி. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரச் சேச்சி, "பூனைன்னா எலியாவது பிடிக்கும், அண்ணாச்சி. இந்த எட்டுக்காலி எந்து செய்யும்?" என்பார். "சும்மா இருக்கும்" என்பேன். "அப்போ உங்க கூட்டம்தான்" என்பார்.

விஜி அலுவலகப் பயிற்சிக்குக் கொச்சி போனபோது பெட்டி என் பொறுப்பில் வந்தது. ஊரில் ஆடி, இங்கே கர்க்கடகம். இரண்டு காலண்டர்களையும் பார்த்துத்தான் நாளைத் தொடங்குவேன். தேதி ஒன்று முன்பின்னாக இருக்கும். அன்று காலை, விடாத மழையில், சிலந்தி மல்லாந்து கிடந்தது. விஜி போனை எடுக்கவில்லை; படம் எடுத்து அனுப்பினேன். சேச்சி மேலே வந்து பார்த்தார். "செத்துப் போயி. பாவம். தென்னை மூட்டில் குழிச்சிட்டால் மதி."

தென்னையடியில் புதைக்க மனம் வரவில்லை. ஒரு கால் துடித்ததுபோல் இருந்தது. சிறு வயதில் தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தவர்கள் நாங்கள். மல்லாந்த வண்டைக் கண்டவன் புரட்டிவிட வேண்டும், பாராமல் போனால் பாவம் என்பது எங்கள் தெருப் பிள்ளைகளின் சட்டம். அந்தச் சட்டப்படி ஈர்க்குச்சியைப் பெட்டிக்குள் விட்டேன். பாதி புரண்டபோது போன் அடித்தது.

"அப்பா, தொட்டீங்களா?"

"லேசா."

"அது தோல் உரிக்குதுப்பா. மல்லாந்துதான் உரிக்கும். உடம்பு இப்போ மாவு மாதிரி இருக்கும். இனி தொடண்டா." தொட வேண்டாம் என்கிறாள். பதறினால் அவளுக்குப் பள்ளிக்கூடத்து மலையாளம்தான் வரும்.

எத்தனையோ படித்திருக்கிறேன், இதைப் படிக்கவில்லை. மதியம்வரை நானும் சேச்சியும் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தோம். முதுகு ஓடு மூடிபோல் திறந்து, வெளிறிய ஈர உடல் மெல்ல நழுவி வந்தது. பெட்டிக்குள் இரண்டு சிலந்திகள் கிடந்தன.

"இதில் எதுக்கு ஜீவன் உண்டு?" என்றார் சேச்சி.

காட்டினேன். அதன் ஒரு கால் மட்டும் பழைய தோலைவிட்டு வரவில்லை. நான் குச்சி வைத்த பக்கம். விஜியிடம் சொன்னேன்.

"இழுக்காதீங்கப்பா. வராட்டி, காலை அங்கேயே விட்டுட்டு வந்துரும். பிறகு புதுசு முளைக்கும்."

அது ஏழு கால்களையும் ஈர மண்ணில் விரித்துக் கிடந்தது. எட்டாவது, பழைய தோலுக்குள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.