பைலட் என்று போடாத போஸ்டர்

சண்முகவேல் அண்ணாச்சி போய்விட்டார். இன்று காலையில், தென்காசியில், அவர் வீட்டில்.

கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் போஸ்டரும் வந்துவிட்டது. போட்டோவுக்குக் கீழே, "முன்னாள் கப்பல் ஊழியர்".

கப்பல் ஊழியராம்... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மனுஷன் கடலுக்கடியில் ரோபோ ஓட்டியவர். அதுவும் எண்பதுகளில்! ஆள் இறங்க முடியாத ஆழத்துக்கு, கேமராவும் இரும்புக் கையும் வைத்த ஒரு மெஷினை கேபிளில் இறக்குவார்கள். கப்பலில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தபடி அதை ஓட்டுபவருக்கு பைலட் என்றுதான் பேர்.

நான் அவர் வேலை பார்த்த கம்பெனியின் பம்பாய் ஆபீசில் டைப்பிஸ்ட். எனக்கும் ஊர் தென்காசி என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நான் "தாயி"தான்.

தென்காசியில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். ரோபோவின் ஒயரிங்கைப் பார்க்க வேலைக்கு எடுத்தார்கள். ஒரு வருஷத்தில் அதை ஓட்டவே கற்றுக்கொண்டுவிட்டார்.

ஒரு சீசனுக்கு லீவில் வந்திருந்தபோது எங்கள் வீட்டாரோடு குற்றாலம் வந்தார். ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே எங்கள் அப்பா வம்புக்கு இழுத்தார்.

"மெஷின்தான கடலுக்குள்ள போவுது? நீரு மேல சும்மா உக்காந்திருக்கீரு. இதெல்லாம் ஒரு வேலையா ஓய்?"

"அருவிக்குள்ள நிக்காரே அந்த ஆளு, அவருக்கு இங்கன இருந்தே முதுகு தேச்சு விடணும் அண்ணாச்சி. அதுவும் டிவில பாத்துக்கிட்டே. அதாம் என் வேலை" என்றார். அப்பா சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்துவிட்டது.

அடுத்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை...

ஒரு தடவை கடலடியில் குழாய்களுக்கு நடுவே ரோபோவின் கேபிள் சிக்கிக்கொண்டது. கலங்கின சேற்றில் டிவியில் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைக்கார பைலட் கேபிளை வெட்டிவிடச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அண்ணாச்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதையும் தொடாமல் சேறு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கேபிள் போன வழியைப் பார்த்துப் பார்த்து, ரோபோவை அதே வழியில் திருப்பி ஓட்டி வெளியே கொண்டுவந்தார். நாலு மணி நேரம்!

யார் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று கப்பலில் குறித்து அனுப்பும் லாக் ஷீட்டில் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. பைலட்: சண்முகவேல்.

எங்கள் மேனேஜர் அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே வெள்ளைக்காரர் பேரை எழுதி என்னிடம் கொடுத்தார். சர்டிபிகேட் இல்லாத ஆள் ஓட்டியதாக ரிப்போர்ட் போகக்கூடாதாம்.

சர்டிபிகேட் வேண்டுமென்றால் லாக்கில் இத்தனை மணி நேரம் ஓட்டியதாக இருக்க வேண்டும். லாக்கில் பேர் வர வேண்டுமென்றால் சர்டிபிகேட் வேண்டும். எந்த ஊர் நியாயம் இது?

நான் டைப் அடித்துக் கொடுத்தேன். அந்த ஒரு தடவை மட்டுமில்லை... அதற்கப்புறம் எத்தனையோ தடவை.

அடுத்த லீவில், நானும் ஊருக்கு வந்திருந்தபோது, தென்காசி வீட்டுக்கு என்னைத் தேடி வந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பைலட் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு, லாக்கில் பேர் இல்லை என்று கையை விரித்துவிட்டதாம்.

"நீ பாத்ததை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடு தாயி. இன்னொரு தடவை கேட்டுப் பாக்கேன்."

"என் வேலை போயிரும் அண்ணாச்சி" என்றேன்.

"அதுவும் சரிதான். ஒரு காப்பி குடு" என்றார். குடித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எங்கள் கம்பெனியில் இருந்தவரை அவர் "உதவியாளர்"தான். உதவியாளர்! வெள்ளைக்காரர் தூங்கும்போதெல்லாம் ஓட்டியது இந்த உதவியாளர்தான்.

போஸ்டரைப் பார்த்த சூட்டில் அவர் மகளுக்குப் போன் போட்டுக் கத்திவிட்டேன். சாவு வீட்டில் கத்தியது தப்புதான், கோபம் கண்ணை மறைத்துவிட்டது. "பைலட்னு போட உங்க யாருக்கும் கை வரலையா?"

அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சொன்னது.

"நான் போடணும்னுதான் சொன்னேன் அத்தை. அப்பாதான் முடியாம கிடக்கும்போதே வேண்டாம்னுட்டாக. 'யாராவது கேட்டா காட்ட நம்மகிட்ட ஒரு தாள்கூட இல்லட்டி'ன்னாக."

போனை வைத்துவிட்டேன்.

அந்தத் தாளை எழுதாதவள் நான்தான் என்று அவர் மகளுக்குத் தெரியாது. கடைசிவரை அவர் சொல்லவே இல்லை போல...

போய் வாருங்கள் அண்ணாச்சி.