குரலை வைத்து ஆளைச் சொல்லும் விளையாட்டு

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டு ஆப்பரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம்தான் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் மதுரையைப் பிடிப்போம், மதுரை சென்னையைப் பிடிக்கும், லைன் கிடைத்ததும் பதிவு செய்தவரைத் திரும்பக் கூப்பிடுவோம். புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். கப்பல் ஏஜென்டுகள், உப்பு வியாபாரிகள், மில்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பம்பாயும் கல்கத்தாவும் வேண்டும். லைன்களோ கைவிரலில் அடங்கும். லைன் கிடைக்காதவர்களின் ஆத்திரமெல்லாம் எங்கள் காதில் வந்து விழும்.

ஊரில் ஒரு சேவைச் சங்கம் இருந்தது. கண் சிகிச்சை முகாம் நடத்துவார்கள், பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சு வாங்கிக் கொடுப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஹோட்டல் மாடியில் குடும்பத்தோடு கூடிப் பலகாரம் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் கேலி செய்து சிரித்துவிட்டுக் கலைவார்கள். ஒரு மாதம் டெலிபோன் சகோதரிகளுக்குப் பாராட்டு என்று வைத்தார்கள். எங்கள் சூப்பர்வைசர் அக்கா மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது. எனக்கு விருப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சாயர்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் போய் சர்ச் ஆராதனைக்குப் போகிறவள். அதைச் சொன்னேன்.

"ஏளா, வருஷம் பூரா ஏச்சு வாங்குதோம். ஒரு நாளு மால போடுதேன்னு கூப்பிடுதாங்க, அதுக்கும் மூஞ்சியத் தூக்குதியே" என்றார் அக்கா.

போனேன். இருக்கிற புடவைகளில் நல்லதைக் கட்டிக்கொண்டுதான் போனேன். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

மாடியில் நாற்பது பேர் இருப்பார்கள். ஆண்கள் வெள்ளைச் சட்டையில் பளபளவென்று இருந்தார்கள். மனைவிமார் முன் வரிசையில். எங்களை மேடையில் உட்கார வைத்து முதலில் இட்லியும் பொங்கலும் தந்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் நான் சட்னியைக்கூடத் தொடவில்லை. சங்கத் தலைவர் ஒரு டாக்டர், தமாஷாகப் பேசுகிறவர். முத்துக்குளிப்பு நின்றுபோன இந்த ஊரில் இப்போது இந்தச் சகோதரிகளின் வாயிலிருந்துதான் முத்து உதிர்கிறது, அதுவும் கூடுதல் கட்டணம் கட்டி அர்ஜென்ட் கால் போட்டால்தான் உதிர்கிறது என்றார். ஹாலே சிரித்தது. அடுத்து இரண்டு பேர் எழுந்து எங்களைப் போல நடித்துக் காட்டினார்கள். மூக்கால் பேசி, "லைன் பிஸி, வெயிட் பண்ணுங்க" என்று இழுத்தார்கள். அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன்.

பிறகுதான் விளையாட்டு. ஒரு சகோதரியின் கண்ணைக் கட்டிவிட வேண்டும். உறுப்பினர் ஒருவர் வந்து ஒரு வரி பேச வேண்டும். குரலை வைத்து அவருடைய டெலிபோன் நம்பரைச் சொல்ல வேண்டும். அக்கா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். யாரோ ஒருவருடைய பெரிய கைக்குட்டையால் கண்ணைக் கட்டினார்கள். அதில் சென்ட் வாசனை.

முதல் குரல் பம்பாய்க்கு ஒரு அர்ஜென்ட் கால் என்றது. "டூ ஒன் செவன்" என்றேன். கைதட்டல். அடுத்தவர் வேண்டுமென்றே கரகரப்பாகப் பேசினார். "ஒன் நைன் ஃபோர்" என்றேன். ஐந்து பேரை வரிசையாகச் சொன்னேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். என் வேலையில் நான் கெட்டிக்காரி என்று நாற்பது பேர் முன்னால் தெரிந்தது அன்றைக்குத்தான். ஆறாவது ஆளும் வரட்டும் என்று நின்றேன்.

அப்போது வாசல் பக்கம் சலசலப்பு. தாமதமாக வந்த ஒருவரை, உட்காரவிடாமல் நேராக என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள் போலிருக்கிறது.

"என்னம்மா, இன்னைக்காவது லைன் கிடைக்குமா?" என்றது அந்தக் குரல்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு நாள் மதுரை லைன் முழுக்க அறுந்துபோயிருந்தது. இந்தக் குரல் மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை பத்துத் தடவை கூப்பிட்டது. பத்துத் தடவையும் லைன் இல்லை சார் என்றேன். பத்தாவது தடவை அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னார். என்னோடு என் அம்மாவையும் சேர்த்து இழுக்கிற வார்த்தை. இங்கே எழுத முடியாது. மரியாதையாகப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு பிளக்கைப் பிடுங்கினேன். மறுநாளே, ஆப்பரேட்டர் அவமரியாதையாகப் பேசித் தொடர்பைத் துண்டித்தார் என்று புகார் எழுதிவிட்டார். எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதச் சொன்னார்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. அந்த வார்த்தையைக் காகிதத்தில் எழுதி ஆபீசருக்கு எப்படிக் கொடுப்பேன்? இனி இவ்வாறு நேராது என்று அழுதுகொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போட்ட அந்தக் கையை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஹாலில் நான் பேசாமல் நின்றதைப் பார்த்து, மாட்டிக்கொண்டாள் என்று சிரித்தார்கள். தலைவர் இன்னும் ஒரு வரி பேசச் சொன்னார். அந்தக் குரல், "பாவம், விட்டுருங்க, பிள்ள பயந்துட்டு" என்றது. அவ்வளவு கனிவாக.

"த்ரீ ஃபைவ் டூ" என்றேன். கைதட்டினார்கள். நான் நிறுத்தவில்லை. "மழ அன்னைக்கு லைன் இல்லன்னு சொன்னதுக்கு என்னைய ஒரு வார்த்த சொன்னீங்க சார். ஞாபகம் இருக்கா?"

முதலில் ஒருவர் சிரித்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஹால் முழுக்கச் சிரித்தது. நன்றாக மாட்டிவிட்டாள் என்று யாரோ மேசையைத் தட்டினார்கள். நான் கட்டை அவிழ்த்தேன். எதிரே நெற்றியில் திருநீறு பூசிய, ஒடிசலான, ஐம்பது வயது மனிதர். பஸ்ஸில் பார்த்தால் எழுந்து இடம் கொடுப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே, நாடகத்தில் வருவதுபோல இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். "மன்னிச்சிரு தாயி."

அதற்கும் சிரிப்பு.

அவர் என்னைத் திட்டியபோதுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரவில்லை. நான் அழுத அழுகையை அவர்கள் பலகாரத்தோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மைக் தலைவர் கையில் இருந்தது. ஒரு எட்டு வைத்து அதன் பக்கத்தில் போனேன்.

"சார் சொன்ன வார்த்த இது" என்று சொல்லி, அந்த வார்த்தையை அப்படியே சொன்னேன். ஒரு எழுத்தும் விடவில்லை.

மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. முன் வரிசையில் ஒரு அம்மா குழந்தையின் காதைப் பொத்தினார். சிரிப்பு நின்றது. தலைவர் மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்து, பெண்கள் இருக்கிற இடத்தில் இப்படிப் பேசலாமா என்று கேட்டார். என்னிடம் கேட்டார். அவரிடம் கேட்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். பின்னாலேயே ஓடிவந்த அக்கா, என் மானம் போச்சு என்று நடுத்தெருவில் என்னை ஏசினார். எங்களுக்கென்று எடுத்துவைத்திருந்த பரிசுப் பொட்டலங்களில் என்னுடையதையும் அவர்தான் வாங்கி வந்திருந்தார். நான் தொடவில்லை.

மறுநாள் இன்னொரு மெமோ வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. புகார் எழுதினால் அந்த வார்த்தையை அவர் கையாலேயே எழுத வேண்டியிருக்கும். அதன்பிறகு அந்த நம்பரிலிருந்து அவருடைய கணக்கப்பிள்ளைதான் பேசினார். அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. என்னோடு மேடையில் இருந்த மற்ற இரண்டு பேரும், நல்லாக் கேட்ட ளா என்று சாப்பாட்டு அறையில் மெதுவாகச் சொன்னார்கள், கதவு சாத்தியிருந்தபோது.

சில வாரம் கழித்து அதே நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினார். பம்பாயில் கட்டிக் கொடுத்திருக்கும் மகளுக்கு ஒரு ஆர்டினரி கால் வேண்டும் என்றார். பதிவு செய்துகொண்டேன். அவர் போனை வைக்கவில்லை.

"அன்னைக்கு மைக்குல பேசுனது நீங்கதானம்மா?"

ஆமாம் என்றேன்.

"நான் அவுக வீட்டுக்காரி. அந்த வார்த்த எனக்குப் பழகிப்போச்சு. வெளிய யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

வேலைப் பழக்கத்தில் வாய் தானாக, "வைங்கம்மா, லைன் கிடைச்சதும் கூப்பிடுதேன்" என்றது. வைத்துவிட்டார்.

பம்பாய் கிடைக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. என் டியூட்டி முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. தாயையும் மகளையும் சேர்த்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே புகுந்து நேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டும், அது விதி. நான் சொல்லவில்லை. பக்கத்து ஆப்பரேட்டர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் பேசி முடித்து, போர்டில் அந்த லைனின் விளக்கு தானாக அணையும் வரை பிளக்கின் மேலிருந்து கையை எடுக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.