இரண்டு பேர் பேசிய மொழி

நான் வேலை செய்யும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாக நூலகத்தில், மனிதன் எப்படிப் பேசத் தொடங்கினான் என்று விளக்கும் புத்தகங்கள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. முதலில் வந்தது கையசைவா குரலா என்று ஆளுக்கொரு பக்கம் நின்று அடிபடுகிறார்கள். அவற்றை அடுக்கி வைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். குகை குகையாகத் தேடியவர்கள் தன்னாமுனையில் எங்கள் வீட்டுக் குசினிக்கு வந்திருந்தால் ஒரு மொழி பிறப்பதைக் கண்ணால் பார்த்திருக்கலாம். தேத்தண்ணியும் கிடைத்திருக்கும்.

என் தம்பி பிறந்ததிலிருந்தே காது கேளாதவன். அக்காவான எனக்கு ஆறு வயது இளையவன். அப்பா வாவியில் வீச்சு வலை போடுகிறவர். இரண்டு வயதில் ஒருநாள் தம்பி வாசலில் நின்று, இல்லாத வலையை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் சுழற்றி எறிந்து காட்டினான். அப்பா எங்கே என்று கேட்கிறான் என்பது எனக்கு உடனே விளங்கியது. நானும் அப்படியே சுழன்று எறிந்துவிட்டு வாவிப் பக்கம் கையை நீட்டினேன். அவன் சிரித்தான். எங்கள் முதல் சொல் அதுதான்.

ஒவ்வொரு தடவையும் சுழன்றுகொண்டிருக்க யாருக்குப் பொறுமை? சில மாதங்களில் உடம்பு அசைவது நின்றது, பிறகு தோள் நின்றது. கடைசியில் வலது மணிக்கட்டின் ஒரு சின்ன உதறல்தான் மிஞ்சியது. வெளியாட்கள் பார்த்தால் மொய்க்கும் நுளம்பைக் கலைக்கிறோம் என்று நினைப்பார்கள். மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. காதைத் திருகினால் நான். அவனுடைய குழப்படிக்கு நான் கொடுத்த தண்டனையே எனக்குப் பெயராகிவிட்டது.

தம்பிக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா காய்ச்சலில் இறந்தார். செத்த வீட்டுக் கூட்டத்துக்குள் அவன் என்னைத் தேடி வந்து மணிக்கட்டை உதறினான். நானும் உதறினேன், பிறகு வெறுங்கையை விரித்துக் காட்டினேன். அதன் பின் அந்த உதறலுக்கே 'இல்லாமல் போனது' என்ற பொருள் வந்துவிட்டது. சோப் தீர்ந்தாலும் உதறினான், பஸ் போய்விட்டாலும் உதறினான். அம்மா முதலில் அதைக் கண்டு அழுதாள். ஒரு வருடத்துக்குள் சீனி முடிந்தால் அவளும் உதறினாள். ஒரு சொல்லின் பொருள் இப்படி மாறுவதற்கு அந்த நூலகப் புத்தகங்களில் ஒரு முழு அத்தியாயம் வைத்திருக்கிறார்கள்.

பத்து வயதில் அவனைக் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பின்னேரம் வேறு விரல்களோடு திரும்பி வந்தான். அங்கே எல்லோருக்கும் பொதுவான, எதையும் சொல்லக்கூடிய முழுமையான மொழி ஒன்று இருந்தது. எனக்கும் கற்றுத்தர வந்தான். நான் கையைத் தட்டிவிட்டேன். உனக்கு மொழி தந்தவளுக்கே பாடம் நடத்துகிறாயா என்ற பெருமை. உண்மையைச் சொன்னால் பொறாமை. கூட்டாளிகளோடு மின்னல் வேகத்தில் பேசுகிறவன் என்னிடம் மட்டும் பழைய சொற்களில் மெதுவாகப் பேசினான்.

அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கல்யாணம் சரிவரவில்லை. அவன் ஏறாவூரில் ஒரு தளபாடக் கடையில் தச்சு வேலை செய்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை கட்டிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதனால் அவனோடு படித்த கதிரவெளிப் பெண்ணின் ஆட்கள் சம்பந்தம் பேச வந்த அன்று, அவர்களுக்கு ஊற்றிய தேத்தண்ணியில் சீனி போட மறந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணும் காது கேளாதவள். தகப்பன் பக்கத்தில் குனிந்துகொண்டு இருந்தாள். மாப்பிள்ளையின் சம்மதத்தைச் சபையில் கேட்பது வழக்கம். அம்மாவின் தம்பி, என் மாமா, என்னைப் பார்த்தார்.

"அவனுக்கு விருப்பமாண்டு கேட்டுச் சொல்லு புள்ள."

கேட்டேன். தம்பி நெஞ்சில் கையை வைத்து, விரல்களை அந்தப் பெண்ணின் பக்கம் விரித்தான். சின்ன வயதில் மாம்பழத்துக்கும் பட்டத்துக்கும் அவன் காட்டிய அதே 'வேணும்'தான். ஆனால் அவ்வளவு மெதுவாக ஒருநாளும் காட்டியதில்லை. அந்தச் சபையில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"யோசிக்கணுமாம் மாமா," என்றேன். "இப்ப வேணாமாம்."

இருபத்தைந்து வருடமாக அவனுக்கு வாயாக இருந்தவள் நான். ஒருவரும் சந்தேகப்படவில்லை. பெண்ணின் தகப்பன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "மறுகா என்ன, நாங்க வெளிக்கிடுவம்," என்றார்.

தம்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியாக என் முகத்தைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து எதையோ தட்டி மாமாவிடம் நீட்டினான். மாமா வாய்விட்டு வாசித்தார்: "எனக்கு விருப்பம். அக்கா பொய்."

எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது. மாமா ஏசினார். தம்பி என்னிடம் ஒரு கோபமும் காட்டவில்லை. அன்றிலிருந்து என்னோடு கையால் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டான். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு போனில் எழுதினான்: "அக்கா, சாப்பிட்டீங்களா?" எங்கள் மொழியில் 'நீங்கள்' கிடையாது. காதைத் திருகினால் முடிந்தது. அந்த மரியாதை என்னைக் கொன்றது.

கல்யாணம் நடந்தது. மண்டபம் நிறைய அவனுடைய கூட்டாளிகள் கையால் பேசிச் சிரித்தார்கள். ஒன்றும் விளங்காமல் ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவள் நான். அவன் கதிரவெளிக்குப் போனான். நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், மறுநாள் காலையில் பூட்டும் வரை கையை அசைக்க ஒரு தேவையும் இல்லை.

போன மாதத்திலிருந்து போனில் வீடியோ பார்த்து அவனுடைய மொழியைப் படிக்கிறேன். பழக்கமில்லாத விரல்கள், வளைய மறுக்கின்றன. நலமா, சாப்பாடு, நாளைக்கு, ஒன்றுமில்லை, மன்னித்துக்கொள். இப்படி இருபது சொல் தேறியிருக்கும். எங்கள் மொழியில் மன்னிப்புக்குச் சொல் இல்லை. தேவைப்படும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவனை வீடியோவில் அழைத்தேன். மன்னித்துக்கொள் என்று காட்டினேன். அவன் போனைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு தன் கையைத் தூக்கி, என் கட்டைவிரல் பிழையான இடத்தில் நிற்கிறது என்று திருத்திக் காட்டினான். புதிதாகப் படிக்க வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல அவ்வளவு பொறுமையாகக் காட்டினான். நான் திருத்திக் காட்டினேன். அவன் தலையாட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது அவன் மனைவி சோற்றுத் தட்டோடு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். சரி, பேச்சு முடிந்தது, சாப்பிடு என்று சொல்ல நினைத்தேன். என் மணிக்கட்டு பழையபடி தன்பாட்டில் உதறியது. அவள் புருவத்தை உயர்த்தி, அது என்ன என்று அவனைக் கேட்டாள்.

தம்பி திரையில் என்னைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பிக் கையை அசைத்தான். ஒன்றுமில்லை.

அந்தச் சொல்லை நான் படித்திருந்தேன்.