பீரோவில் பூட்டிய மண் அறிக்கை

எங்கள் வக்கீல் பொய் சொல்லமாட்டார். இருபது வருஷம் அவருக்குக் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டிய நான் சொல்கிறேன். மூடிப்போன தோல் தொழிற்சாலை நிலத்தை மனை போட்டு விற்பதற்குமுன், அதன் முதலாளி இவர் பெயரில்தான் மண்ணையும் நீரையும் சோதிக்கச் சொன்னார். வக்கீல் பெயரில் வாங்கிய அறிக்கை என்றால் அது கட்சிக்காரரின் ரகசியம். கோர்ட்டில்கூட யாரும் அதைக் கேட்க முடியாது. கிணற்று நீரில் குரோமியம், குடிக்கவே கூடாது என்று வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன்.

"பீரோல வெச்சுப் பூட்டுய்யா" என்றார்.

அவருடைய தங்கை அங்கே மனை வாங்க வந்தாள்.

"வேண்டாம்மா."

"ஏண்ணா?"

"வேண்டாம்னா விடேன்."

விட்டுவிட்டாள். அதே மனையை ஒரு தையல்காரர் வாங்கினார். பத்திரம் எழுதியது நாங்கள்தான்.

வீடு கட்டியதும் கூப்பிட்டார், போனோம். "நாக்கு வறளுதுய்யா" என்று வக்கீல் வழியெல்லாம் புலம்பினார். தையல்காரர் மனைவி இரண்டு டம்ளரை நீட்டினாள்.

"நம்ம கிணத்துத் தண்ணி சார்."

"தாகமில்லம்மா" என்றார் வக்கீல். எனக்கும் இல்லை என்றேன்.

வீணாக்குவானேன் என்று, இரண்டையும் தன் பெண்களுக்குக் கொடுத்தாள்.