மலையைப் பார்த்தே படுத்திருந்தவர்

1982 ஆடியில் என் கணவர் சாரத்திலிருந்து விழுந்தார். கொத்தனார் வேலை. முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அடி அண்ணாமலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் கட்டில் போட்டோம். கிழக்கே அண்ணாமலையார் மலை தெரியும். வலப்பக்கம் ஒருக்களித்து, மலையைப் பார்த்தபடியே கிடப்பார்.

புரட்டாசியில் வலது இடுப்பெலும்பின் மேல் சிவப்பாக ஒரு வட்டம் கண்டேன். விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. அவருக்கு வலி தெரியவில்லை. தோல் உரிந்தது. பிறகு நடுவில் கறுத்தது. நாற்றம் சாம்பிராணிக்கும் அடங்கவில்லை.

டாக்டர் வந்தார். "படுக்கைப்புண்ணுமா. ஒரே எடத்துல பாரம் அழுத்தி ரத்த ஓட்டம் நின்னுடுச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்க. எலும்பு வரைக்கும் போனா உசுருக்கே ஆபத்து." செத்த சதையை வெட்டி எடுத்தார். இவர் முகம்கூடச் சுளிக்கவில்லை.

திருப்பப் போனால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். "சாமிக்கு முதுகு காட்டச் சொல்றியாடி?" தலைமாட்டை மாற்றினால் இடப்பக்கம் படுத்தும் மலையைப் பார்க்கலாம், ஆனால் தலை வடக்கே வரும். அதற்கும் சம்மதிக்கவில்லை.

துணியை விலக்கும்போதெல்லாம் எலும்பு தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். காய்ச்சலும் வந்தது. வாசலில் நின்று மலையைக் கேட்டேன். "உன்னைப் பாத்துப் பாத்தே அவரு சாகணுமா? என் பேச்சக் கேக்க மாட்டாரு. நீயே சொல்லு." இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஐப்பசிப் பௌர்ணமி. கீழ்பென்னாத்தூரிலிருந்து கிரிவலம் வந்த என் நாத்தனார், இவருடைய அக்கா, வீட்டுக்குள் நுழைந்தார். புண்ணைப் பார்த்தார். தம்பியின் பிடிவாதத்தைச் சொன்னேன்.

"ஏண்டா, மலையச் சுத்திட்டு இப்பத்தான் வர்றேன். எட்டுத் திக்குலயும் லிங்கமா ஒக்காந்திருக்கறாரு. அவருக்கு நீ எங்கடா முதுகு காட்டுவ?"

என் கணவர் கட்டில் சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"மலை அசையாம கெடக்குதுன்னு நீயும் கெடக்கறியா? அது கல்லுடா. நீ சதை."

அவர் சிரித்துவிட்டார். விழுந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. சட்டத்தை விட்டுவிட்டு, "சரி, திருப்புங்க" என்றார்.

அன்றிலிருந்து நேரம் தவறாமல் திருப்பினோம். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தோம். குதிகால் கட்டிலில் படாதபடி தூக்கி வைத்தோம். விரிப்பில் சுருக்கம் விழவிடவில்லை. திருநீறு நெற்றிக்கு மட்டும். புண்ணுக்கு டாக்டர் சொன்ன மருந்து, சுத்தமான கட்டு. தினமும் முட்டை, பருப்பு, கீரை. காய்ச்சல் இறங்கியது. பயம் எனக்கு உடனே இறங்கவில்லை. கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் எலும்பு தெரிகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். ஒருநாள் குழியின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது. பங்குனிக்குள் மூடிவிட்டது.

அவர் நடக்கவில்லை. ஆனால் இருக்கிறார். உட்கார்ந்தபடி நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறார், குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று என்னைத் திட்டுகிறார். அந்தத் திட்டைக் கேட்கும்போதெல்லாம் அண்ணாமலையாருக்கு நன்றி சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் எழ முடியாதவர் இருந்தால், அண்ணாமலையாரிடம் அழுது கேளுங்கள். கட்டாயம் கேட்பார். கேட்டுவிட்டு வந்து, வெளிச்சத்தில் இடுப்பையும் குதிகாலையும் முதுகையும் பாருங்கள். சிவந்த இடம் இருந்தால் தேய்க்காதீர்கள். மெதுவாக மறுபக்கம் திருப்பிவிடுங்கள். அந்தப் பக்கமும் அவர் இருக்கிறார்.