நான் படித்துச் சொன்ன சாலை

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப்பட்ட முதல் ஆள் நான். ஆறாம் வகுப்புக்கு வந்தபோது எந்த வாக்கியத்தையும் திக்காமல் சத்தமாகப் படித்துவிடுவேன். பாதிக்கு மேல் அர்த்தம் தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம். சாரம் என்ற பகுதியில் இருந்த எங்கள் தெருவுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, பேங்க் கடிதம் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். எப்படியோ, அதுவரை பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஊருக்கு மேற்கே தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் பிடித்து இரண்டு லேத் மெஷின் வைத்திருந்தார். முதலில் ஊரில் இருந்த துணி மில்லுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்தார். மில் மூடிய பிறகு பேட்டையில் இருந்த கம்பெனிகளுக்குச் செய்தார். வரிச்சலுகை முடிந்ததும் அந்தக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகக் கதவைப் பூட்டிக்கொண்டு வேறு மாநிலங்களுக்குப் போய்விட்டன. நான் பார்த்த காலத்தில் ஒரு மெஷின்தான் ஓடியது. மற்றதன் மேல் மாமா சாப்பாட்டு டப்பாவை வைத்திருப்பார்.

ஓசூரில் இருந்த அவருடைய பழைய கூட்டாளி, மெஷினை ஏற்றிக்கொண்டு வந்துவிடு, இங்கே கை நிறைய வேலை இருக்கிறது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அத்தைக்குப் போய்விட வேண்டும் என்று இருந்தது. மாமாவுக்கு மனம் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் பேட்டையை ஒட்டிப் புதிய நாலுவழிச் சாலை வரப்போகிறது என்ற செய்தி வந்தது. சாலை வந்தால் போன கம்பெனிகள் எல்லாம் திரும்பிவிடும் என்று பேட்டையே பேசியது.

"ரோடு வந்தா வர்றவன் மட்டுமா வருவான்? மிச்சம் இருக்கறவனும் சீக்கிரமா கெளம்பிப் போவான்" என்றாள் அத்தை. அவள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வழவழப்பான ஒரு புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார், அத்தையும் கூட வந்திருந்தாள். சாலை அதிகாரிகள் பேட்டைக்காரர்களுக்குக் கூட்டம் போட்டுக் கொடுத்த புத்தகம், முழுக்க இங்கிலீஷ். வரும் வழியில் நாலு வீடு தள்ளியிருந்த சொல்தா தாத்தாவிடம் காட்டியிருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர் அவர். கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "பிரெஞ்சுல போட்டிருந்தான்னா படிச்சிருப்பேன்" என்று திருப்பிக் கொடுத்தாராம்.

"பாப்பா, நம்ம பேட்டை முனையாண்ட என்னா போட்டிருக்கான் பாரு" என்றார் மாமா.

வரைபடத்தில் அவர் விரல் வைத்த இடத்தில் ஒரு சின்ன வட்டமும், பக்கத்தில் 'வெஹிக்குலர் அண்டர்பாஸ்' என்ற எழுத்தும் இருந்தன. ராகத்தோடு படித்தேன்.

"அப்படின்னா?"

வெஹிக்கிள் என்றால் வண்டி. பாஸ் என்றால் பஸ் பாஸ்தான் எனக்குத் தெரியும், அதைக் காட்டினால் ஏற்றிக்கொள்வார்கள். மாமா, அத்தை, அம்மா மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"லாரிங்கள்லாம் இங்கதான் பெரிய ரோட்டுல ஏறும் மாமா. பாஸ் காட்டிட்டு ஏறலாம்."

"எறங்கவும் எறங்குமா?"

"எறங்கும்."

"கேட்டியா?" என்று மாமா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அத்தை காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் மாமா என்னைப் பீச்சுக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு நாள் உறுத்தியது. செவ்வாய்க்கிழமை இங்கிலீஷ் மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் போர்டில் மேடாக ஒரு கோடு போட்டு, அதன் வயிற்றில் ஒரு ஓட்டை வரைந்தார். மேலே பெரிய சாலை போகும், ஊர்க்காரர்கள் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"கீழ இருந்து மேல ஏற முடியாதா மிஸ்?"

"அதுக்குத் தனியா வழி போட்டிருந்தா ஏறலாம். இல்லன்னா பறக்கணும்."

வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து மாமா விட்டுப் போயிருந்த புத்தகத்தைப் பிரித்தேன். ஏறி இறங்கும் வழிகள் வளைவு வளைவாகத் தனியே வரையப்பட்டிருந்தன. எல்லாம் விழுப்புரம் பக்கம் தள்ளி இருந்தன. எங்கள் பேட்டை முனையில் வெறும் வட்டம்.

மாமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்தேன். 'மாமா, நான் தப்பா சொல்லிட்டேன்.' அவ்வளவுதான் அது. சனிக்கிழமை அவர் வந்தபோது கூடவே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பாட்டில் மூடி செய்கிறவர், இன்னொருவர் வெல்டிங் பட்டறைக்காரர். இரண்டு பேரும் பக்கத்து ஷெட்காரர்கள்.

"என் மருமவ படிச்சுச் சொல்லுவா, கேளுங்க" என்றார் மாமா. அவர் குரலில் அவ்வளவு பெருமை.

"நல்லா பாத்து சொல்லு கண்ணு" என்றார் வெல்டிங்காரர். "இங்கியே இருக்கறதா போறதான்னு நாங்களும் முடிவு பண்ணணும்."

புத்தகத்தை விரித்தேன். முதல் தடவை தெரியாமல் சொன்னேன். இந்தத் தடவை தெரிந்தே சொன்னேன். ஏறலாம், இறங்கலாம். அதே ராகம், ஒரு எழுத்துகூடத் தடுமாறவில்லை.

மாமா அங்கேயே போனை எடுத்து ஓசூருக்குப் பேசினார். "இல்லப்பா, நான் வரல. நம்ம வாசல்லியே வழி வருது."

சாலை வந்தது. பேட்டை முனையில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் போட்டார்கள். மாமாவின் ஷெட்டிலிருந்து பார்த்தால் லாரிகளின் தார்ப்பாய் மட்டும் ஓடுவது தெரியும். ஏறி இறங்க வழி இருந்த இடத்தில் நாலைந்து கோடவுன்கள் வந்தன, ஒரு கம்பெனிகூட வந்தது. எங்கள் பேட்டைக்கு யாரும் திரும்பி வரவில்லை. வழி இருந்திருந்தால் வந்திருப்பார்களா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் மாமா ஓசூருக்குப் போயிருப்பார். சாலை போட்டு முடிவதற்குள் அந்தக் கூட்டாளி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டுவிட்டார். மாமா இரண்டு மெஷினையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்தக் கோடவுன்களில் ஒன்றில் சரக்கு எண்ணும் வேலைக்குப் போனார்.

நான் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அந்த அடிவழியில் போனேன். உள்ளே நுழைந்ததும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "நல்லா பெருசாத்தான் கட்டியிருக்கான்" என்றார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தயார் செய்து வைத்திருந்த அந்த வாக்கியம் அப்போதும் வாயில் இருந்தது. வெளிச்சம் வந்தது, வண்டி வேகமெடுத்தது.

போன வருடம்தான் அத்தை ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள். புத்தகம் கொடுத்த அந்தக் கூட்டத்தில் அதிகாரி தமிழில்தான் பேசினாராம், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று மூன்று தடவை சொன்னாராம். நாற்பது பேரும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்களாம். ஏன் கேட்கவில்லை என்று அத்தை சண்டை போட்டதற்கு மாமா, "எந்திரிச்சி நின்னு அந்த வார்த்தைய தப்பா சொல்லிட்டேன்னா சிரிப்பானுங்கடி" என்றாராம். அத்தையிடமும் நான் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

பெரியவர்களுக்கும் அந்தக் கூச்சம் உண்டு என்பது பதினோரு வயதில் எனக்குத் தெரியாது. மாமாவுக்கு உள்ளூர விடை தெரியும், என்னைச் சோதிக்கத்தான் கேட்கிறார், தப்பாகச் சொன்னால் திருத்திவிடுவார் என்றே நம்பினேன். இரண்டாவது தடவை படித்து முடித்தபோதுகூட, அவர் சிரித்துக்கொண்டே என் தலையில் தட்டித் திருத்தப்போகிறார் என்றுதான் காத்திருந்தேன்.